கத்துகிற எண்

டிரங்க் லைன் போடுவதில் டெஸ்மண்டை அடிக்க ஜொகூர் பாருவில் ஆளில்லை. ஒரே கம்பியில் முப்பது அழைப்புகள் வரும்படி செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மோடத்தை மாட்டிவிடுவார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகள் இருந்த இடத்திலிருந்தே போன் வழியாகத் தலைமை அலுவலகக் கணினிக்குள் நுழைந்துவிடுவார்கள்.

அப்படி அவர் லைன் போட்டுக்கொடுத்த ஓர் எண்ணெய்ப்பனைக் கம்பெனியில் ஓர் எண் மட்டும் அவரைப் படுத்தியது. சாஆ என்ற ஊரிலிருந்து தினமும் மத்தியானம் அழைப்பு வரும். மோடம் எடுத்துக் கீச்சென்று கத்தும். பதிலுக்குக் கத்த மறுமுனையில் மோடம் இருக்காது. எந்தக் கிராணியோ கோளாறு பண்ணுகிறான் என்று டெஸ்மண்டுக்கு எரிச்சல். ஒருநாள் மோடத்தைக் கழற்றிவிட்டு, திட்டுவதற்கென்றே அங்கே ஒரு போனை மாட்டி எடுத்தார்.

“யுகேந்திரா!” ஒரு பெண்குரல் தழுதழுத்தது. “இன்னிக்குத்தான்யா கத்தாம எடுத்திருக்க. லாரி அடிச்சி நீ போயிட்டன்னு எல்லாரும் சொல்றாங்க. செத்தவன் போன் எடுப்பானா? ஏன்யா தினமும் அப்படிக் கத்துற? அம்மாகிட்ட சொல்லு, எங்க வலிக்குது?”

செத்துப்போன எவனுடைய பழைய எண்ணையோ கம்பெனிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். டெஸ்மண்ட் போனை வைத்துவிட்டார்.

எண்ணை வெட்டிவிடலாம். வெட்டினால், இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பதிவுக்குரல் அந்தத் தாயிடம் சொல்லும். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. மோடத்தையே திரும்ப மாட்டினார்.

மறுநாள் மத்தியானம் அது கத்தத் தொடங்கியதும், அதன் ஸ்பீக்கர் ஒலியை முழுக்கக் குறைத்தார். அறை அமைதியானது. கத்தல் இப்போது அந்தம்மாவுக்கு மட்டும்தான் கேட்கிறது.