இடது தோளுக்குப் போன கை

மூன்று வாரமாகத் தொண்டை கட்டிக்கொண்டு விடவில்லை. ஏனாத்தூரில் ஒரு டாக்டரிடம் போனேன். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவர், "கத்தறதவிட கிசுகிசுன்னு பேசறதுதான் சார் கெடுதல். இன்னா வேல பாத்தீங்க?" என்றார். கிசுகிசுக்கிற வேலைதான் என்று சொன்னால் நம்புவாரா? கிராம்புத் தண்ணீரைக் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினார்.

கிராம்பு வாசனை என்றால் எனக்கு அண்ணன்தான். உத்திரமேரூர்ப் பக்கம் நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவர். மேடையேறும்முன் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வார். குரல் ஏரிக்கரை வரை போகும். வசனம்தான் இரண்டு வரிக்குமேல் நிற்காது. படுதாவுக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்து அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கும் பிராம்ட்டர் நான். (எனக்கு நடிப்பு வராது என்பதை ஊர் ஒரே நாடகத்தில் கண்டுபிடித்துவிட்டது.) வசனம் மறந்தால் அவர் கை இடது தோளுக்குப் போகும். பார்ப்பவர்கள் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்கிறார் என்று நினைப்பார்கள்.

அந்தக் குரலுக்காகவே எழுபதுகளின் கடைசியில் அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். ஜெயித்தார். பிரசார மேடைகளிலும் தட்டிக்குப் பின்னால் நானிருந்தேன். மற்ற தொகுதிகளுக்கு ஒரு எம்.எல்.ஏ.; எங்களுக்கு ஒன்றரை.

சிக்கல் சட்டசபையில்தான். அங்கே படுதா கிடையாது.

முதல் பேச்சே மானாம்பதி ஏரி பற்றி. "மதகு ஒடஞ்சி கீது நைனா. மய வர்றதுக்குள்ள கட்டலன்னா இந்தப் போகமும் போச்சு. நீதான் கேக்கணும்" என்று ஊர்க்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பேச்சை நான்தான் எழுதினேன்.

பார்வையாளர் மாடத்தில் மூச்சுவிடவே பயமாக இருந்தது. அண்ணன் எழுந்தார். இரண்டு வரி, வெண்கலம். பிறகு நிறுத்தினார். கை இடது தோளுக்குப் போனது.

அவ்வளவுதான், ஏரி போச்சு என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள், "மதகு உடைந்த நாள்முதல்..." என்று எடுத்துக்கொடுத்துவிட்டேன். ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டிப் போய்ப் பழகிய கிசுகிசுப்பு அது. சபை மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. அடுத்த கணம் காவலர் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

வெளியே ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். உள்ளிருந்து ஒரே சத்தம். சிரிக்கிறார்களா, மேசையைத் தட்டுகிறார்களா, தெரியவில்லை. மானாம்பதிக்காரர்களிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒரு வசனமும் அமையவில்லை.

அண்ணன் வந்தார். "இன்னாயா நீ? தோளு அரிச்சிது, சொரிஞ்சிக்கினேன். அதுக்குப் போயி கத்துவியா?"

"மறந்துட்டீங்களோன்னு..."

"பத்து நாளா கண்ணாடி முன்னால நெட்டுரு போட்டுக்கினு கீறேன். என் பொயப்ப பேஜார் பண்ணிட்டியே!"

"மதகு?"

"கட்டித் தரேன்னுட்டாரு மந்திரி. இன்னொருவாட்டி ஒன் கொரல கேக்க வாணாமாம்."

மழைக்கு முன்பே மதகு வந்தது. அண்ணன் அதன்பிறகு எல்லாவற்றையும் தானே நெட்டுரு போட்டார். நான் மனுக்களைப் பிரித்து அடுக்கினேன். எந்தப் பேச்சிலாவது மறக்கமாட்டாரா என்று கொஞ்சம் ஆசைப்பட்டேன்.

போன வருஷம் படுக்கையில் பார்த்தேன். "ஆரையும் அடையாளம் தெர்ல" என்றார் அண்ணி. அண்ணன் என்னையே வெகுநேரம் பார்த்தார். கை மெல்ல இடது தோளுக்குப் போனது.

அரிப்பாக இருக்குமோ என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு குனிந்து என் பெயரை எடுத்துக்கொடுத்தேன். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி அதைத் திருப்பிச் சொன்னார்.

இரண்டு மாதத்தில் போய்விட்டார். மதகு நிற்கிறது.

இனிமேல் நான் கிசுகிசுக்கவே கூடாதாம். யார் இருக்கிறார்கள், கிசுகிசுக்க?