சட்டிக்குப் பிறகும் விரதம்

தொண்ணூறாம் ஆண்டு புரட்டாதியில் நான் லண்டனுக்குத் திரும்பி வந்தபோது தவநாயகி அக்கா விரதத்தில் இருந்தார். நவராத்திரி என்றார். அது முடிந்த கையோடு கேதார கௌரி விரதம், இருபத்தொரு நாள். தீபாவளியன்று கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தவர், மறுநாள் கந்தசட்டி தொடங்கிவிட்டது என்று பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும் எடுத்தார். நாலு வருஷத்துக்கு முன் நான் புறப்பட்டுப் போகும்போது வெள்ளிக்கிழமை மாத்திரம் மீன், மச்சம் சாப்பிடாமல் இருந்தவர். நாள் கிழமை பார்க்கும் ஆள் இல்லை.

அவர் என் பெரியம்மாவின் மகள். ஜெர்மனி, சுவிஸ், பிறகு இந்தியா என்று ஓரிடத்தில் நிலைக்காமல் திரிந்துவிட்டு வந்த எனக்கு, மனோர் பார்க்கில் தங்கள் வீட்டின் முன்பக்கச் சின்ன அறையை வாடகைக்குத் தந்தார். அந்த வீட்டை அவர்கள் எண்பத்தெட்டில் வாங்கினார்கள். விலை உச்சியில் இருந்த நேரம். பிறகு வீட்டுக் கடன் வட்டி ஏறி ஏறிப் பதினைந்து வீதத்தில் வந்து நின்றது. மேல் அறையில் வாடகைக்கு இருந்த இரண்டு பேரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அத்தான் ஸ்ரீஸ்கந்தராஜா வால்தம்ஸ்டோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. குவைத் பிரச்சினை தொடங்கிய ஆவணியில், ஒரே கிழமைக்குள் மூன்று தரம் ஏணி வைத்து ஏறி விலைப்பலகையில் இலக்கம் மாற்றியதாகச் சொன்னார்.

"கீழ நிக்கிற வெள்ளைக்காரன் என்னைப் பாத்துத்தான் பேசுறான், நான் ஏதோ சதாமின்ர மச்சான் மாதிரி."

கடைகளில் வேறொரு கதை ஓடியது. சண்டை வந்தால் கப்பல் வராது, அரிசி பருப்பு இல்லாமல் போகும், மாரிக்கு முன் வாங்கி வைத்துவிடுங்கள். அதை நம்பாதவர்களும் இருந்தார்கள். அக்கா நம்பினார். அவருடைய தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய கடிதம் மூன்று கை மாறி அப்போதுதான் வந்திருந்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, இருக்கிறவர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். அக்கா இரண்டு மூட்டை அரிசி வாங்கிப் படிக்குக் கீழே அடுக்கினார். மார்கழி வரைக்கும் அதில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. அன்றாடச் சமையலுக்குச் சின்னப் பையில் வாங்கி, சுண்டுப் பேணியால் அளந்து போட்டார். சட்டி முடியும்வரை ஹீற்றர் போடுவதில்லை என்பதும் அவர் வைத்த சட்டம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஜாக்கெற்றோடு இருந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள்.

அத்தான் பகிடி விட்டார். "சட்டியில இருந்தாத்தானாம் அகப்பையில வரும். இஞ்ச சட்டி இருக்க இருக்க அகப்பைக்கு வேலை குறையுது."

"உங்கட சோத்துக் கோப்பையில ஏதும் குறைஞ்சதோ?" என்று அக்கா கேட்டார்.

குறையவில்லை. என் கோப்பையிலும் குறையவில்லை. நான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

எனக்கு வேலை பிடித்துத் தந்ததும் அக்காதான். ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் அவர் வேலை செய்த ஒரு பெரிய லோண்டரி. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே வந்து வெளுக்கும். ஈரமாக வரும் விரிப்பை விரித்து, சூடான பெரிய உருளைகளுக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் இல்லாமல் வரும். அந்த மெஷினுக்கும் கலண்டர் என்றுதான் பெயர். வீட்டுச் சுவரில் தொங்கிய கலண்டரில் அக்கா விரத நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். மற்றக் கலண்டரின் முன்னால் எட்டு மணித்தியாலம் நின்றார். நான் மறுபக்கம் நின்று மடிக்கும் தற்காலிக ஆள்.

விரிப்பைக் கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு நுனி ஒருவர் கையில், மற்ற நுனி மற்றவர் கையில். இரண்டு பேரும் ஒரே கணத்தில் இழுத்து ஒரே கணத்தில் விட வேண்டும். இல்லாவிட்டால் துணி கோணலாகப் போய்ச் சுருண்டு மெஷின் நிற்கும். அக்காவின் சோடி பெர்னடெற் அக்கா. மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். இரண்டு பேரும் மூன்று வருஷமாகச் சோடி. பேசாமலே கை ஒத்துப்போகும்.

ஒக்டோபர் நடுவில் சுப்பவைசர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். அமெரிக்கர்கள் விமானம் ஏறப் பயப்படுகிறார்கள், ஹோட்டல்கள் காலியாகக் கிடக்கின்றன. பத்துச் சோடியில் ஆறைத்தான் மாரிக்கு வைத்திருக்க முடியும். யார் யார் என்று நவம்பர் இரண்டாம் திகதி பெயர் போடப்படும். அன்றிலிருந்து அவர் ஒரு புத்தகத்தோடு சுற்றி வந்தார். எந்த மெஷின் நிற்கிறதோ அங்கே வந்து எதையோ குறித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அக்கா மெலிந்ததை நான் கவனித்தேன். அதற்கு முன்னும் மெலிந்துதான் இருந்திருப்பார். விரதக்காரி மெலிவது அதிசயமா என்று விட்டிருக்கிறேன். கோயிலில் பெண்கள் அவரைச் சுட்டிக்காட்டி, தவநாயகி மாதிரி ஒருத்தரும் விரதம் பிடிக்க மாட்டினம் என்று சொன்னதை நானே கேட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

சூரன் போர் முடிந்து இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. பகல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது மெஷின் நின்றது. நான் மறுபக்கத்தால் ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா தன் நுனியை விடாமல் பிடித்தபடியே நின்றிருக்கிறார். துணி அவர் கையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பெர்னடெற் அக்கா எட்டி நிறுத்தும் கம்பியை அடித்திருக்கிறார். உருளைக்கும் விரலுக்கும் இடையில் ஒரு சாண்தான். அக்காவின் முகத்தில் பயம்கூட இல்லை. நித்திரையால் எழும்பியவர் போல் நின்றார். சுப்பவைசர் வந்து, நேரத்தைப் பார்த்து, எழுதிக்கொண்டு போனார்.

கன்ரீனில் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்தோம். அக்கா தேத்தண்ணி மட்டும் எடுத்திருந்தார்.

"இண்டைக்கு என்ன விரதம்?" என்று பெர்னடெற் அக்கா கேட்டார்.

"சட்டி."

"சட்டி புதன்கிழமையோட முடிஞ்சுது. சேர்ச் றோட்டால வரேக்க உங்கட சூரனைப் பாத்தனான். தலை விழுந்ததையும் கண்டனான்."

"விரதம் முடிக்கிற பாறணை மற்ற நாள்தானே."

"மற்ற நாள் நேற்று."

அக்கா தேத்தண்ணியைக் கலக்கினார். அதில் சீனி போட்டிருக்கவில்லை.

"எங்கட தபசு காலமே நாப்பது நாள்தான் தவம். அதுக்கே எங்கட சனம் களவாப் பணிஸ் தின்னுது. உன்ர தபசு எப்ப முடியிறது?"

"வேதக்காரிக்கு எங்கட விரதக் கணக்கு என்னத்துக்கு?"

"எனக்கும் அது வேணும். துணி கோணினா அந்தச் சுப்பவைசர் மனிசி ரெண்டு பேரின்ர பேரையும்தான் எழுதுறா. எனக்கு மூண்டு பிள்ளையள். நாளைக்கும் நீ இப்பிடி வந்தா, வேற சோடி தாங்கோ எண்டு கேக்கப்போறன். ஒளிச்சுக் கேக்கமாட்டன். உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் கேப்பன்."

பக்கத்து மேசையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள்.

"பசிக்கேல்ல எண்டு சொன்னா ஏன் எண்டு கேப்பினம், பெர்னடெற் அக்கா," என்றார் அக்கா. "சாமான் காணாது எண்டு வீட்டில சொல்லேலாது. அவர் ரெண்டு ஷிப்ட் அடிக்கிற மனிசன். விரதம் எண்டு சொன்னா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். கோயில்ல மரியாதை வேற."

பெர்னடெற் அக்கா தன் பெட்டியைத் திறந்து தள்ளினார். புட்டும் மீன் குழம்பும்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"இது மெய்யோ, பொய்யோ?"

"இது மெய்."

பெர்னடெற் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழும்பிப் போய் ஒரு சீஸ் சான்ட்விச்சும் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் கொண்டு வந்து வைத்தார். என் முன்னால் அக்கா விடியற்காலையில் கட்டித் தந்த சோற்றுப் பெட்டி இருந்தது, விளிம்பு வரைக்கும். நான் அதில் பாதியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீ சாப்பிடு," என்றார். "நீ வாடகை தாறனி."

அன்று பின்னேரம் அக்காவே அத்தானுக்குச் சொன்னார். நான் படியில் இருந்தேன், கேட்டது. அத்தான் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்ப கௌரி அம்மனுக்குப் பிடிச்சதும் பொய்யோ?"

"முதல் ஒம்பது நாள் உண்மையாப் பிடிச்சனான்."

"பிறகு?"

"பிறகு பழகிப்போச்சு."

அத்தான் சமையலறைக் கத்தியோடு வெளியே வந்து படிக்குக் கீழே குனிந்தார். அக்கா வந்து மறித்தார். மார்கழி வரட்டும், கப்பல் வராவிட்டால் என்ன செய்கிறது என்றார்.

"ஊரில சாமான் இல்லாமக் கிடக்கினம். நீ சாமானை வைச்சுக்கொண்டு கிடக்கிறாய். உன்ர தங்கச்சி அறிஞ்சா உனக்கு அடிதான் விழும்."

மூட்டையின் தையலை அறுத்தார். அக்கா போய் ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாளிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் குசினி மேசையடியில் நின்றபடியே சாப்பிட்டார். முதல் நாள் சோறு, அல்லது பாணும் சம்பலும். விருப்பமாகச் சாப்பிட்டார் என்று சொல்ல மாட்டேன். மருந்து குடிக்கிறவர் மாதிரி விழுங்கினார். முதல் இரண்டு நாளும் வயிறு ஏற்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவர்களுடைய மெஷின் ஒரு தரமும் நிற்கவில்லையாம். அவர் எப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. தற்காலிக ஆட்களைத் திங்கட்கிழமையே நிறுத்திவிட்டார்கள், என்னையும் சேர்த்து.

பெயர் போட்ட நாள் அக்கா இருட்டிய பிறகு வந்தார். கோட்டோடு படியில் இருந்தார். அத்தான் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவர், சப்பாத்தைப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"பேர் இருக்கு," என்றார் அக்கா. "அஞ்சாவதா. கிழமைக்கு நாலு நாள்தானாம், ஆனா இருக்கு."

"பெர்னடெற்?"

"அவவும்தான். சோடியாத்தானே போடுறது."

அத்தான் மூச்சு விட்டுச் சப்பாத்தைப் போடத் தொடங்கினார்.

"கமலாம்பிகையின்ர பேர் இல்லை," என்றார் அக்கா.

கமலாம்பிகையை எனக்கும் தெரியும். அக்காவின் பக்கத்து மெஷினில் நின்றவர். கணவருக்குச் சித்திரையிலிருந்து வேலை இல்லை. பலகையில் பெயர்களை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனாராம். போன வெள்ளிக்கிழமை அக்காவின் மெஷின் நின்றது போலவே, கமலாம்பிகையின் மெஷினும் அன்றைக்கு ஒரே ஒரு தரம்தான் நின்றிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்."

"பாரன்," என்றார் அத்தான். "வெறுங்கையோட போகாத."

"கொண்டு போனா வாங்கமாட்டா. சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டா விரதம் எண்டுதான் சொல்லுவா. நாளும் சரியாச் சொல்லுவா, என்னை மாதிரிப் பிழைவிடமாட்டா."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"சோறும் ரெண்டு மரக்கறியும் சமைச்சுக்கொண்டு போய், அங்க இருந்து நானும் சாப்பிடப்போறன். நான் கை வைச்சாத்தான் அவ கை வைப்பா." என்னைப் பார்த்தார். "நீயும் வா. உனக்கு இப்ப வேலை இல்லைத்தானே."

அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அக்கா கோட்டைக் கழற்றாமலே சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். பிள்ளைகள் மேலேயிருந்து, பசிக்குது அம்மா என்று கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை. நான் போய் உலை வைத்தேன்.