எங்க பணம், உங்க பணம்

சோபாக் கடையில் அவரைத் 'தேக்கு' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. யார் உள்ளே வந்தாலும் பக்கத்தில் இருக்கிற சோபாவின் கைப்பிடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "சத்தத்தைக் கேளுங்க, அசல் தேக்கு" என்பார். உள்ளே இருந்தது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. தட்டினால் அதுவும் சத்தம் போடத்தான் செய்தது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. தலையில் முடி இருந்த காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டார்.

ஆனால் அவருடைய உண்மையான திறமை கல்லாவுக்குப் பக்கத்தில்தான் வெளிப்படும்.

முதலாளிக்குக் கிரெடிட் கார்டைக் கண்டாலே வயிறு எரியும். "ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் பேங்க்காரன் ஒரு கடி கடிச்சிட்டுத்தான் மிச்சத்தைத் தர்றான். டெபிட்ல கடி சின்னது. வர்றவங்களைப் பேசித் திருப்பு" என்று ஒரு தடவை சொல்லியிருந்தார். வேறு யாராவது என்றால், "டெபிட் இருந்தா குடுங்க சார்" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். தேக்கு அதை ஒரு மதமாகவே ஆக்கிவிட்டார்.

"கிரெடிட் கார்டுன்னா என்னங்க? பக்கத்து வீட்டுக்காரன் சட்டையைப் போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்கற மாதிரி. டெபிட்னா உங்க சட்டை. கசங்கினாலும் உங்களுது. நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்ட கடன்னு கை நீட்டினதில்ல. படுத்த உடனே குறட்டைதான். வேணும்னா என் வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க."

குறட்டையைப் பொறுத்தவரை வீட்டம்மா கோர்ட்டில் வந்துகூட சாட்சி சொல்லியிருப்பார்.

இந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு பர்ஸிலிருந்து கிரெடிட் கார்டை வெளியே எடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும். பாதி எடுத்தவர்கள்கூட ஏதோ பார்க்கக் கூடாத படத்தை மறைப்பதுபோல் உள்ளே தள்ளிவிட்டு டெபிட்டை நீட்டினார்கள்.

அந்தத் துணிச்சல் இருந்த ஒரே ஆள் அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன், ஏ.சி. மெக்கானிக். மாமியார் வீட்டில் அவருக்குத் 'தவணை' என்று பெயர். போன் தவணை, பைக் தவணை, கட்டில் தவணை, கட்டிலுக்கு மேலே சுற்றுகிற ஃபேனும் தவணை. குடும்பம் ஒன்றுகூடும்போதெல்லாம் தேக்கைக் காட்டித் தவணையைத் திட்டுவதும், தவணையைக் காட்டித் தேக்கைப் புகழ்வதும் மாமியாருக்குப் பொழுதுபோக்கு. தவணை அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. திட்டு வாங்கிக்கொண்டே இன்னொரு தடவை சோறு போட்டுக்கொள்வார்.

அந்த வருஷம் கடையில் பெரிய தள்ளுபடி அறிவித்தார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் விலையில் பாதிதான். சாமான் அடுத்த மாசம் வீடு தேடி வரும். கூட்டம் அலைமோதியது. தட்டித் தட்டித் தேக்குக்கு விரல் முட்டி வீங்கிப்போனது. தவணையும் மனைவியோடு வந்து, நீல நிறத்தில் ஒரு சோபாவைப் பார்த்து மயங்கிப்போய்க் கல்லாவுக்கு வந்தார்.

"சகல, டெபிட் குடுங்க" என்றார் தேக்கு.

"அதுல டீ குடிக்கக்கூட காசு இல்ல அண்ணே. இதைத் தேய்ங்க."

"மானத்தை வாங்காதீங்க. கல்லாவுல இருக்கற பொண்ணு பார்க்குது."

"பார்க்கட்டுமே. நான் என்ன பிக்பாக்கெட்டா அடிச்சேன்?"

"மாமா, சும்மா விடுங்க" என்று நடுவில் புகுந்தாள் மச்சினி. "அவர் திருந்தற ஜாதியில்ல. சோபாவாவது வரட்டும்."

கிரெடிட்டுக்கு மேல்கட்டணம் என்று முதலாளி ஒரு அட்டை ஒட்டியிருந்தார். அதைப் படித்தும் தவணை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பேங்க் குடுக்குது, நான் குடுக்கறேன்" என்று தேய்த்துவிட்டுப் போய்விட்டார்.

தேக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடன்காரன் வீட்டில் நீலச் சோபா, கௌரவமாக வாழ்கிறவன் வீட்டில் பஞ்சு பிதுங்கிய பழசா? மறுநாளே ஊழியர் சலுகையில், தனக்கென்று ஒரு பெரிய சோபாவுக்கு ஆர்டர் போட்டார். மூலையில் வளைந்து போகிறது, ஒரு ஓரத்தில் காலை நீட்டினால் தானே படுத்துக்கொள்கிறது. சேமிப்பை ஒட்டச் சுரண்டி டெபிட் கார்டில் முழுசாகக் கட்டினார். ரசீதை வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டம் வாங்கியவர் மாதிரி நீட்டினார்.

மனைவி அளவைப் பார்த்தாள். "ஏங்க, இது நம்ம வாசக்கதவுல நுழையுமா?"

"நுழையாட்டி கதவைக் கழட்டிக்கலாம்."

"அதுக்கு சுவரையும் கழட்டணும் போலிருக்கே."

அவர் காதில் வாங்கவில்லை. பழைய சோபாவைக் கீழ்வீட்டு வாட்ச்மேனுக்குத் தானம் செய்துவிட்டுக் கூடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த மாசம் கடையில் அவர்தான் முதல் இடம். முதலாளி எல்லார் முன்னாலும் தோளில் கை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். "டெபிட்ல இவ்வளவு வசூல் பண்ணினவன் இவன் ஒருத்தன்தான்" என்று அவர் சொன்னபோது தேக்குக்குக் கண் கலங்கியது. முதலாளிக்கு ஏன் அன்றைக்கு இத்தனை சந்தோஷம் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கடைக்குப் போனால் ஷட்டரில் புதுப் பூட்டு. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். முதலாளியின் போன் அணைந்து கிடந்தது. பக்கவாட்டுக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு திண்டுகூட இல்லை. சுவரில் சுவிட்சைப் பிடுங்கிய இடத்தில் ஒயர் தொங்கியது. போகிற போக்கில் விளக்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளியின் முகம் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த முகம் ஒன்றுதான். அந்த முகத்தின் போன் நம்பரும் எல்லாரிடமும் இருந்தது.

"சட்டை, சட்டைன்னு பேசினியே, இப்ப யார் சட்டையைப் பிடிக்கிறது?" என்று கேட்டார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர். இடுப்பு வலிக்கு என்று சாய்வு நாற்காலிக்குப் பணம் கட்டியவர். கிரெடிட் கார்டைக் கையில் எடுத்த பிறகு, தேக்கின் பேச்சில் உருகி அதை உள்ளே வைத்தவர்.

"அம்மா, நானும் கட்டியிருக்கேம்மா. என் பணமும் போச்சு."

"உன் பணம் போனது உன் முட்டாள்தனம். எங்க பணம் போனதும் உன் முட்டாள்தனம்தானே?"

தேக்கு தன் ரசீதை எடுத்துக் காட்டினார். யாரோ அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இவன் வாங்கினது எல்லாத்தையும்விடப் பெருசு!" என்றார். அதற்குப் பிறகுதான் அவரை அடிக்கலாமா என்ற பேச்சு நின்றது.

மறுநாள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"பின் நம்பரை அழுத்தினது யாரு சார்?"

"நான்தான்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லீங்க. நானேதான் சந்தோஷமா அழுத்தினேன்."

"அப்போ இது திருட்டு கிடையாது. நீங்க குடுத்தீங்க, அவர் வாங்கிட்டார். புகார் எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். ஆனா பணம் கணக்கை விட்டுப் போயிடுச்சே. வந்தாத்தான் உண்டு, எப்போன்னு கேக்காதீங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், தவணைக்குப் போன் போட்டார். துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஆள் வேண்டுமே. ஏதோ வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஏணியில் நின்றுகொண்டு தவணை பேசினார்.

"அதுவா அண்ணே? நேத்தே கார்டு கம்பெனிக்குப் போன் பண்ணி, சாமான் வரல, கடையும் இல்லன்னேன். ரசீதையும் பூட்டின கடையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன். விசாரிச்சு முடியற வரைக்கும் நீங்க கட்ட வேண்டாம்னுட்டாங்க. கொஞ்சம் இருங்க, ஸ்க்ரூ விழுந்துடுச்சு."

தேக்கு திரும்பவும் பேங்குக்குள் போனார். வரிசையில் நிற்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, "அதே கடை, அதே மாசம். அந்தத் தவணைக்காரனுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?" என்று கேட்டார்.

அதிகாரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், அவர் தேய்ச்சது எங்களை மாதிரி ஒரு பேங்கோட பணம். பேங்க் தன் பணத்தை விடுமா? கடைக்காரன் கழுத்தைப் பிடிச்சாவது வாங்கிடும். நீங்க குடுத்தது உங்க பணம். உங்களுக்காக நாங்க வருத்தப்படலாம்."

வாழ்நாள் முழுக்க சொந்தச் சட்டையைப் பற்றிப் பேசிய மனுஷர் அன்றைக்குச் சட்டை வியர்வையில் நனைய வீட்டுக்கு நடந்தே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. "கதவு பிழைச்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள்.

தவணையின் விவகாரம் சுகமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சோபாத் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், தனக்கு ஏதோ பரிசு விழுந்ததாக நினைத்துக்கொண்டார். அதே கார்டில் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. வாங்கினார். அதற்கு மாசாமாசம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினார். வட்டி ஏறி, வட்டிக்கு வட்டி ஏறி, டி.வி.யைவிடப் பெரிதாக வளர்ந்தது. பெரிய டி.வி.யில் படம் பார்க்க உட்கார இடமில்லாமல் தரையில் படுத்துப் பார்த்தார்கள்.

நர்ஸம்மா இதற்கிடையில் எல்லாரையும் திரட்டி நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். முதலாளி மனைவி பெயரில் வேறொரு தெருவில் கட்டில் கடை திறந்திருப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். இடுப்பு வலியோடு அத்தனை தெருக்களையும் சுற்றியிருக்கிறார். டெபிட்டில்தான் கட்ட வேண்டும் என்று ஆள் வைத்து வற்புறுத்தியதற்குச் சாட்சி வேண்டும். அந்த ஆளே வந்து சொன்னால் இன்னும் நல்லது என்று தேக்கைக் கூப்பிட்டார்.

அதே வாரம் முதலாளியிடமிருந்தும் போன் வந்தது. "நடந்தது நடந்து போச்சுடா. கட்டில் கடைக்கு வந்துடு. உன் வாய்க்கு என்கிட்டதான் மதிப்பு."

தேக்கு ஒரு நிமிஷம் ஆடிப்போனது நிஜம். கையில் வேலை இல்லை. ஆனால் முதலாளி அடுத்துச் சொன்ன வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. "உன் ஆர்டர்னு தெரிஞ்சுதான்டா அந்தச் சோபாப் பணத்தையும் எடுத்தேன். ஊழியர்னா கொஞ்சம் தியாகம் பண்ணணும் இல்ல?"

மன்றத்தில் தேக்கு பேசியது போல் கடையில்கூடப் பேசியதில்லை. எந்த வார்த்தைக்கு யார் கார்டை மாற்றினார்கள், முதலாளி என்ன சொல்லிக் கொடுத்தார், மேல்கட்டண அட்டை எந்த நாளில் ஒட்டப்பட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:

"நீங்க எதிர்த்தரப்புக் கடையோட ஊழியரா, இல்ல பாதிக்கப்பட்ட வாடிக்கையாளரா?"

"ரெண்டும் நான்தாங்கய்யா. என்னை நானே ஏமாத்தியிருக்கேன். அதுக்கு கமிஷனும் வாங்கியிருக்கேன்."

அறை முழுக்கச் சிரித்தது. முதலாளியின் வக்கீல்கூடக் கோப்பால் வாயை மூடிக்கொண்டார்.

இழுத்தடித்துத் தீர்ப்பு வந்தது. கட்டில் கடையின் கணக்கை முடக்கி, எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் கட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. நர்ஸம்மா அதில் மூங்கில் நாற்காலி ஒன்று வாங்கினார், கையோடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. அதற்குள் தேக்குக்கு ஒரு மெத்தைக் கடையில் வேலை கிடைத்திருந்தது. மெத்தையைத் தட்டினால் சத்தம் வராது என்பதால் அங்கே அவர் கொஞ்சம் அடங்கியே பேசினார்.

பணம் வந்துவிட்டதா என்று பார்க்கப் பேங்குக்குப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் அதே அதிகாரி.

"வந்துடுச்சு சார். ஆமா, உங்களுக்கு ஒரு கிரெடிட் கார்டு போட்டுரலாமா?"

தேக்கு தொண்டையைச் செருமினார். "அதுல போனா உங்க பணம்தானே?"

"எங்க பணம்தான்."

"தொலைஞ்சா தேடுவீங்க?"

"விடவே மாட்டோம்."

கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். யாருக்கும் சொல்லவில்லை. கார்டு வந்ததும் சகலை முகத்துக்கு நேராக ஒரு தடவை ஆட்டிக் காட்ட வேண்டும் என்று மட்டும் ஆசை. கொஞ்ச நாளில் பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரியின் முகம் சரியில்லை.

"விண்ணப்பம் தள்ளுபடி ஆயிடுச்சு சார்."

"ஏங்க? ஒரு இடத்துல பாக்கி இல்லையே எனக்கு?"

"அதுதான் சார் பிரச்சினை. நீங்க இதுவரைக்கும் கடனே வாங்கினதில்ல. வாங்கினாத்தானே திருப்பிக் கட்டுவீங்களா மாட்டீங்களான்னு எங்களுக்குத் தெரியும்? சிஸ்டம் உங்களுக்கு மார்க்கே போட மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்தால் மச்சினி வந்திருந்தாள். தவணைக்குக் கார்டு கம்பெனி கடன் வரம்பை உயர்த்திவிட்டதாம், வட்டி கட்டுகிற வாடிக்கையாளர் என்று தனி மரியாதையாம். அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். தேக்கு செருப்பைக்கூடக் கழற்றாமல் பேங்கில் நடந்ததைச் சொன்னார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் தங்கை சிரித்தாள். அக்கா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "போங்க, போய் யார்கிட்டயாவது கொஞ்சம் கடன் வாங்கி நல்ல பேர் எடுத்துட்டு வாங்க."