ஆளில்லாத பெட்டி

எங்கள் தலைமன்னார்க் கோயிலின் பின்னறையில் ஊரின் பழைய படங்களை வகை பிரித்து வைக்கிறார்கள். பெட்டிகளைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. நேற்றுப் பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணத்தது. படங்களைப் பிரிக்க வந்த பள்ளிக்கூட ரீச்சர் மேலே கிடந்த படத்தை எடுத்தார்.

"அண்ணை, இது செத்தவீட்டுப் படம். ஆனா சவப்பெட்டிக்குள்ள ஆளில்லையே?"

அது எங்கள் வீடு. பெட்டியருகில் நிற்கும் சின்னப் பையன் நான்.

கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை. உடுப்பையாவது அடக்கம் செய்வோம் என்று பெரியப்பா சொன்னார். அப்பா ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டிக்குள் விரித்தார். வீடு முழுக்க இதே மணம். படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றபோது, அம்மா வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"உனக்கென்ன விசரே?" என்று பெரியப்பா கத்தினார்.

"நனைஞ்சு வாற மனுசன் எதைப் போடுறது?" என்றார் அம்மா.

அன்று பின்னேரம் சட்டை கொடியில் தொங்கியது. சோளகக் காற்றில் அதன் கைகள் நிரம்பி எழுந்தன. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ரீச்சர் செத்தவீட்டுப் படங்களின் உறையை விரித்துப் பிடித்தார். "இதுக்குள்ள வைக்கட்டே?"

"வேண்டாம் பிள்ளை. இப்போதைக்கு வெளியில இருக்கட்டும்."

வீட்டுக்குப் போனேன். அம்மா வழக்கம்போல அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். காற்றே இல்லை. இருந்தும் நான் கொடிப் பக்கம் போகாமல் சுற்றித்தான் உள்ளே போனேன்.