ஒயர் எதுக்கு சார்?

எங்கள் ஆய்வறையில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த பொறியாளருக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. அவள் உழைப்பைத் தன் பெயரில் காட்டித் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவரே. அவள் நியாயம் கேட்டபோது, "தொட்டா சிணுங்குற ஆளுக்குப் பொறுப்பு எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கே வயிறு எரிந்தது.

நாங்கள் சமையலறைத் தராசு செய்கிறோம். பொத்தான் கிடையாது, கண்ணாடிமேல் விரல் வைத்தால் எண் ஒளிரும். விரலை உணர்வது உள்ளே இருக்கும் சிப். அக்கா மூன்று வகைச் சிப்புகளை மாதக்கணக்கில் ஒப்பிட்டிருந்தாள். முதலாவதில் தொடுகைக்கென்று தனிச் சுற்று இல்லை. எல்லாவற்றையும் புரோகிராமே பார்க்க வேண்டும், ஆமை வேகம். இரண்டாவதில் சுற்று உண்டு, விலை மலிவு, ஆனால் கொஞ்சம் மந்தம். மூன்றாவது விலை கூடுதல். விரல் நெருங்கினாலே கண்டுகொள்ளும். அதுதான் வேண்டும் என்றாள்.

மாப்பிள்ளைக்குத் தன் பங்குக்கு எதையாவது மாற்றியாக வேண்டும். தானே சோதித்துப் பார்த்து, இரண்டாவதே போதும் என்றார். அவர் சோதித்த போர்டு எப்போதும் கணினியோடு ஒயரில் இணைந்திருந்தது. கணினி வழியாக எர்த், அதாவது தரையிணைப்பு, கிடைக்கும்வரை மந்தமான சிப்பும் கெட்டிக்காரன்தான். தராசு ஓடப்போவதோ பேட்டரியில். அதில் எர்த் கிடையாது, அந்தச் சிப்புக்கு விரல் தெரியாது.

"சொல்லிடலாமே அக்கா?" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாரு."

வாங்குபவர்கள் வந்தார்கள், முதலாளியும் உட்கார்ந்திருந்தார். கணினியோடு ஒயரில் இணைத்த தராசின்மேல் மாப்பிள்ளை விரல் வைத்தார், எண் ஒளிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா எழுந்தாள்.

"ஒயர் எதுக்கு சார்? பேட்டரியிலயே காட்டிடலாமே!" என்று தேனொழுகச் சொல்லி, ஒயரை உருவிவிட்டாள்.

மாப்பிள்ளை விரல் வைத்தார். தேய்த்தார். உள்ளங்கையையே வைத்து அழுத்தினார். கண்ணாடி இருட்டாகவே கிடந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா தன் பையிலிருந்து மூன்றாவது சிப் வைத்த தராசை எடுத்து மேசையில் வைத்தாள். வந்தவர்களில் ஒருவர் சும்மா விரலைக் கொண்டுபோனதுமே எண் பளிச்சென்று வந்தது. ஆர்டர் அங்கேயே உறுதியானது.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்தார்.

"சொன்னா சிணுங்குறேம்பீங்களே சார்."

முதலாளி தன் மருமகன் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் தலைமை நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, மூன்று சிப்புகளையும் பேட்டரியில் ஓடவிட்டு முதலிலிருந்து ஒப்பிடச் சொன்னாள். அவர் தலை குனிந்தபடி வாசல்வரை போனார்.

"சார், இந்தத் தடவை உங்க பேரையே போட்டுக்குங்க" என்றாள்.