கூடப்பிறந்தவை இட்ட முட்டைகள்

கோத்தகிரிக் குளிர் எங்களுக்குத்தான் மூட்டுவலி, தொட்டியில் வளர்கிற அந்த இரண்டுக்கும் சொர்க்கம். ஆக்சலாட்டில் என்று பெயர். தண்ணீருக்குள்ளேயே வாழும். நாலு கால், கழுத்தில் இறகு மாதிரி செவுள், எந்நேரமும் இளிக்கிற வாய். கோயமுத்தூரில் ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டு வளர்ப்பார்களாம். இங்கே குழாய்த் தண்ணீரே போதும். மகளின் பதினொன்றாவது பிறந்தநாளுக்கு என் வீட்டுக்காரர் அங்கே ஒரு வளர்ப்பு மீன் கடையில் இந்த ஜோடியை வாங்கி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், தொட்டிக்குள் இருந்த செடி முழுக்க ஜவ்வரிசி அப்பினது போல முட்டைகள். மகள் குதித்த குதியில் காது மெஷின் கழன்று விழுந்தது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது மந்தம். வீட்டுக்காரர் கடைக்காரருக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏனுங்க, அது ரெண்டும் ஒரே தாய்க்குப் பொறந்ததுங்க. கூடப்பொறந்ததுக முட்டையப் பொரிக்க விடாதீங்க, ஊனமா வரும். உருப்புடிக்கறதுக்குள்ள ஃப்ரீசர்ல வெச்சுருங்க."

போன் அணைந்த பிறகு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் என் அம்மாவின் கடைசித் தம்பி. தாய்மாமனைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. நான் ஆசைப்பட்டே கட்டிக்கொண்டேன். மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளில்தான் அது குற்றமாகிப்போனது. குழந்தையின் காதைப் பார்ப்பதற்கு முன்பே "சொந்தத்துலயா?" என்பார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொட்டிக்கு ஓடுவேன். முட்டைக்குள் இருந்த கறுப்புப் புள்ளி மறுநாளே நீண்டுவிட்ட மாதிரி தோன்றியது. அத்தனையும் பொரித்தால் தினமும் உயிருள்ள பொடித் தீனி தேட வேண்டும். பசித்தால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். வேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான காரணம். ஆனால் ஃப்ரீசர் கதவைத் திறந்தால் கடைக்காரரின் குரல்தான் கேட்டது. மூடிவிடுவேன்.

"நீங்களாச்சும் ஒரு முடிவு சொல்லுங்க மாமா."

"நீயே பாத்துப் பண்ணு. எனக்கு ஃபேக்டரிக்கு நேரமாச்சு."

தொட்டிப் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர்! அன்று அவரிடம் எரிந்து விழுந்தேன். சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், பையைக் கூட இறக்காமல் கேட்டாள்.

"ஊனமா வரும்னுதான் வேண்டாங்கறீங்களாம்மா?"

"அதில்ல கண்ணு. இத்தனைக்கும் யாரு தீனி போடறது?"

"அப்ப பத்து மட்டும் வளர்த்தலாம். அதுக்கு நான் போடறேன். மிச்சத்த ஃப்ரீசர்ல வெச்சுக்கங்க."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மூன்று நாளாக நான் சுற்றிச் சுற்றி வந்ததை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாள். செடியை எடுத்துத் தட்டில் கிடத்தினேன். பக்கத்தில், வளர்க்கப்போகிற பத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். சில முட்டைகள் உருண்டையாக இருந்தன, சில ஒரு பக்கம் சப்பையாக. அவள் கையை நீட்டினாள்.

"நல்லதாப் பாத்து எடு கண்ணு" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, விரலுக்கு எட்டியதை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டு, பத்து வரை எண்ணினாள்.