உப்புப் பார்க்க ஒரு பற்றீஸ்

கார்மேகம் எந்தப் பலகாரத்தையும் முழுசாகக் கடித்து நான் பார்த்ததில்லை. முதலில் பிட்டுப் பார்ப்பான், பிறகு முகர்ந்து பார்ப்பான், அதற்குப் பிறகுதான் வாய். குவைத்தின் ஃபர்வானியாவில் ஒரே ரூமில் மூன்று வருஷம் அவனோடு குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அவனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் கண்டதில்லை.

மாட்டுக்கறி தொடமாட்டேன் என்று கருப்பசாமி கோயிலில் சத்தியம் செய்துவிட்டு, 2001-இல் சிவகங்கைப் பக்கத்திலிருந்து குவைத்துக்கு வந்தவன் அவன். ஆனால் உள்ளே கறி வைத்த பலகாரம் என்றால் உயிர். மலையாளி கடை பப்ஸில் மிளகு மணக்கும். லெபனான்காரர் ஃபத்தாயர் லேசாகப் புளிக்கும். ரமலான் மாதத்துச் சம்பூசாவில் வெங்காயமும் கொத்துக்கறியும் வழியும். ஆசையாகத்தான் கையில் எடுப்பான். பிறகு பிளந்து, "பாய், இது என்ன கறி?" என்பான். கடைக்காரர் "லஹம், லஹம்" என்று சிரிப்பார். அரபியில் அதற்கும் கறி என்றுதான் அர்த்தம். வைத்துவிட்டு வந்துவிடுவான்.

அவன் பிட்டுப் பார்க்காமல் தின்றது யோகம்மா அக்காவின் பற்றீஸ் மட்டும்தான். அக்கா யாழ்ப்பாணம். புருஷன் மார்க்கண்டு எங்கள் கம்பெனி டிரைவர், கீழ்மாடியில் குடியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை லீவுக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, மாவைப் பாதி வட்டமாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திப் பொரிப்பார் அக்கா. முதல் பற்றீஸ் எப்போதும் கார்மேகத்துக்கு.

"தம்பி, உப்புக் காணுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

போதும், போதாது என்று அவன் சொன்ன பிறகுதான் மீதிக் கறியில் உப்புச் சேர்ப்பார். அந்தப் பெருமையை ரூமில் சொல்லிச் சொல்லி எங்கள் உயிரை வாங்குவான்.

ஆறு மாதம் கழித்து அவனுக்குப் பொறி தட்டியது.

"ஏண்ணே, அந்தக்கா செஞ்சத அவுகளே திங்கமாட்டேங்குறாக, கவனிச்சியளா? மொத ஆளா எனக்கு ஏன் குடுக்குறாக?"

"பேசாமத் தின்னுடா" என்றேன். பேசாமலிருந்தால் அவன் கார்மேகம் இல்லையே.

அடுத்த வெள்ளி, அக்கா நீட்டிய பற்றீஸை அவர் கண்ணெதிரே பிட்டான். நோண்டினான். முகர்ந்தான்.

"அக்கா, இது மாடுதானே? அதான் நீங்க தொடுறதில்ல."

மார்க்கண்டு எழுந்தேவிட்டார். அக்கா அடுப்பை அணைத்தார்.

"இண்டைக்கு வெள்ளி, தம்பி. எனக்கு விரதம். உங்கள் எல்லாருக்கும் லீவு இண்டைக்குத்தானே எண்டு இறைச்சி சமைக்கிறன், ஆனா வாயிலை வைக்கிறேல்லை. அதாலைதான் உங்களை உப்புப் பாக்கச் சொன்னனான். உங்கட ஊரிலை வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடுறவையோ?"

கார்மேகத்தின் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைக்கமாட்டார்கள். இங்கே வெள்ளி என்றால் லீவு, லீவு என்றால் கறி என்று எங்களுக்குப் பழகிவிட்டது. ஊரெல்லாம் மாட்டைத் தேடியவன் கிழமையைக் கோட்டை விட்டிருந்தான்.

"மன்னிச்சிருங்கக்கா" என்று அழுதான். "பரவாயில்லை" என்றார் அக்கா.

மறுவாரமும் கூப்பிட்டார்கள், போனோம். எங்களுக்கு முழுப் பற்றீஸ். கார்மேகத்தின் தட்டில் மட்டும், உள்ளே இருப்பது தெரியும்படி அக்காவே இரண்டாகப் பிட்டு வைத்திருந்தார். உப்புப் பார்க்கச் சொல்லவில்லை. உப்பு கரித்தது. வெள்ளிக்கிழமை என்று தெரிந்தும், இரண்டு பாதியையும் ஒன்றும் சொல்லாமல் தின்று முடித்தான்.